பிசாசின் நகக்கீறல்

நம் வீடுகளில் அதிகம் புழங்குகிற ஆங்கில வார்த்தை எது? 'ஸாரி'யும் இல்லை, 'தேங்க்ஸ்'ஸும் இல்லை. 'அட்ஜஸ்ட்'!

'மாமியார் கொஞ்சம் அப்படித்தான், நீதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்.' 'மேனேஜர் கோபக்காரர், ஆனா மனசு தங்கம். அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போங்க சார்.' 'அவன் குணம் உனக்குத் தெரியாதா? அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா.'

சொல்பவர்களுக்குச் சுலபம். கேட்டுக்கொண்டவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருடம், பத்து வருடம், முப்பது வருடம் ஓட்டுகிறார். திடீரென்று ஒருநாள் காபியில் சர்க்கரை குறைந்ததற்காக வெடிக்கிறார். 'இதுக்குப் போயா இவ்வளவு கோபம்?' என்று வீடே ஆச்சரியப்படுகிறது.

நமக்குப் பிடித்த ஒருவரிடம் ஒரு குறை. அது போகாது என்று தெரியும். ஆனாலும் அவரை விட்டுவிட மனசு வரவில்லை. சரி, அந்தக் குறையை 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று நாம் சொன்னால், அதற்கு என்னதான் அர்த்தம்? சும்மா இருப்பதா? சகித்துக்கொள்வதா?

இதற்கு நீங்கள் ஞானிகளிடம் பதில் தேடலாம். இந்த வாரம் நான் உங்களை ஒரு கார் இன்ஜினிடம் கூட்டிப்போகிறேன். சிரிக்காதீர்கள். இந்த விஷயத்தில் அது என்னைவிட விவரமானது.

நாம் ஓட்டுகிற சாதாரணக் கார், பைக் எல்லாவற்றிலும் இருப்பது பிஸ்டன் இன்ஜின். பிஸ்டன் மேலே போகும், ஒரு கணம் நிற்கும், கீழே வரும், மறுபடி நிற்கும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை இந்தக் கூத்து. 'எதுக்குய்யா இந்த மேலே கீழே? நேரடியாச் சுத்தினா என்ன?' என்று யோசித்தவர் ஃபெலிக்ஸ் வான்கெல் என்ற ஜெர்மானியர். 1929-ல் முதல் காப்புரிமை வாங்கினார். என்எஸ்யூ என்ற ஜெர்மன் கம்பெனியில் 1957-ல் இன்ஜின் ஓடியது. அதுதான் ரோட்டரி இன்ஜின்.

அதன் உள்ளே எட்டிப் பாருங்கள். இடுப்பு லேசாக ஒடுங்கிய நீள்வட்டம் மாதிரி ஓர் அறை. அதற்குள் பக்கங்கள் உப்பிய ஒரு முக்கோணம். அதன் மூன்று முனைகளும் எப்போதும் சுவரைத் தொட்டுக்கொண்டே சுற்றும். சுற்றும்போது முக்கோணத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள மூன்று இடைவெளிகளும் விரியும், சுருங்கும். பெட்ரோலையும் காற்றையும் இழுப்பது, அமுக்குவது, எரிப்பது, வெளியே தள்ளுவது எல்லாம் அந்தச் சுற்றிலேயே முடிந்துவிடும். முக்கோணம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நடுத்தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். வால்வு கிடையாது. நின்று திரும்புகிற வேலை கிடையாது. இன்ஜின் சின்னது, எடை குறைவு, ஓட்டம் வெண்ணெய்.

ஆஹா, அற்புதம்! அப்புறம் ஏன் உலகத்துக் கார்களெல்லாம் இதற்கு மாறவில்லை?

அந்த மூன்று முனைகளில்தான் விஷயம் இருக்கிறது. முனை சுவரைத் தொடும் இடத்தில் வாயு கசியாமல் தடுக்க ஒரு மெல்லிய பட்டை உண்டு. 'ஏபெக்ஸ் சீல்' என்பார்கள். நான் சொல்லப்போகிற காரில் அதன் தடிமன் 2 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர். உங்கள் சுண்டுவிரலைவிட ஒல்லி. வெடிக்கிற வாயுவைத் தடுத்துக்கொண்டு, கொதிக்கிற சுவரை நாள் முழுக்க உரசிக்கொண்டே ஓட வேண்டியது அது. தேயாமல் என்ன செய்யும்?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முனை சுவரில் வழுக்கிக்கொண்டே போவதால்தான் அந்த வெண்ணெய் ஓட்டம். அதே வழுக்கலால்தான் தேய்மானம். குணமும் குறையும் இரண்டு தனித்தனிப் பொருள் அல்ல. ஒரே பொருளின் முன்பக்கமும் பின்பக்கமும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைத் தூக்கிப் போட முடியாது.

இந்தக் குறையை இரண்டு ஊர்க்காரர்கள் இரண்டு விதமாகக் கையாண்டார்கள்.

1967-ல் என்எஸ்யூ, 'ரோ 80' என்ற அழகான காரை ரோட்டரி இன்ஜினோடு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடத்தின் சிறந்த கார் என்று ஐரோப்பாவில் விருதும் வாங்கியது. ஆனால், சீல்கள் சீக்கிரமே தேய்ந்தன. கம்பெனி கௌரவமானது, புகார் வந்தால் வாரன்டியில் புது இன்ஜினையே மாட்டிக் கொடுத்தது. ஒரு கதை சொல்வார்கள். ரோட்டில் இரண்டு ரோ 80 எதிரெதிரே வந்தால், ஓட்டுபவர்கள் கையசைக்க மாட்டார்களாம். விரல்களைத் தூக்கிக் காட்டுவார்களாம், 'எனக்கு இது மூணாவது இன்ஜின்' என்று! 1969-ல் அந்தக் கம்பெனி ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் கரைந்துபோனது.

இன்னொரு ஊர், ஹிரோஷிமா. 1945 ஆகஸ்ட் 6-ல் அணுகுண்டு விழுந்தபோது, நடுவே ஒரு குன்று இருந்ததால் பேரழிவிலிருந்து தப்பிய தொழிற்சாலை ஒன்று அங்கே இருந்தது. அந்த வருட டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டி தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கம்பெனியின் இன்றைய பெயர் மாஸ்டா. 1960-களின் ஆரம்பத்தில், சின்னச் சின்னக் கார் கம்பெனிகளைப் பெரியவற்றோடு சேர்த்துவிடலாம் என்று ஜப்பான் அரசு யோசித்துக்கொண்டிருந்தது. தனித்து நிற்க வேண்டுமானால் நம்மிடம் மட்டும் இருக்கிற ஏதாவது வேண்டும் என்று நினைத்த மாஸ்டா, 1961-ல் என்எஸ்யூவிடம் ரோட்டரி இன்ஜினுக்கு லைசென்ஸ் வாங்கியது.

1963-ல் கெனிச்சி யமமோட்டோ என்ற இன்ஜினீயர் தலைமையில் 47 பேர் கொண்ட குழு அமைந்தது. ஜப்பானியர்களுக்கு 47 என்றால் தலைவனுக்காக உயிரைக் கொடுத்த பழைய சாமுராய்கள் ஞாபகத்துக்கு வருவார்கள். இவர்களையும் அப்படியே அழைத்தார்கள். சோதனை இன்ஜினைப் பிரித்தால், வழவழப்பாக இருக்க வேண்டிய உள்சுவரில் வரிவரியாகக் கீறல்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'பிசாசின் நகக்கீறல்'.

எனக்கு இந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும். 'சின்னப் பிரச்னைதான், போகப் போகச் சரியாயிடும்' என்று யாரும் பூசி மெழுகவில்லை. குறைக்கு ஒரு பெயர் வைத்து, நேருக்கு நேர் உட்கார்ந்து பார்த்தார்கள். சீல் சும்மா உரசவில்லை, அதிர்ந்து அதிர்ந்து உரசுகிறது என்று கண்டுபிடித்தார்கள். சீலுக்குள் துளை போட்டு அதிர்வை மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் கார்பனையும் அலுமினியத்தையும் சேர்த்த ஒரு சீலில் கீறல் அடங்கியது. 1967 மே மாதம் 'காஸ்மோ ஸ்போர்ட்' கார் வெளியே வந்தது. 1991-ல் பிரான்ஸ் நாட்டின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில், நான்கு ரோட்டார் கொண்ட மாஸ்டா 787பி கார் 362 சுற்று ஓடி ஜெயித்தது. அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானியக் கார் அது.

கவனியுங்கள், குறை போய்விடவில்லை. சீல் இன்றைக்கும் தேய்கிறது. குறையோடு வாழ்வதற்கு ஒரு முறை கிடைத்தது, அவ்வளவுதான்.

சரி, அந்த முறை என்ன? இப்போது நீங்களே சொந்தக்காரர் ஆகிவிடுங்கள். உங்களிடம் ஒரு மாஸ்டா ஆர்எக்ஸ்-7 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1991 முதல் 2002 வரை வந்த மூன்றாம் தலைமுறை. இரண்டு ரோட்டார், ஒவ்வொன்றும் 654 சிசி, இரண்டு டர்போ. வருடக்கணக்காக நின்றுவிட்ட வண்டி. அதைப் பழையபடி ஆக்கி, வாரநாளில் தெருவிலும் விடுமுறையில் ரேஸ் டிராக்கிலும் ஓட்ட ஆசை.

முதலில் டாக்டர் மாதிரி நாடி பார்க்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுழற்றினால், 'புஸ்... புஸ்... புஸ்...' என்று மூன்று மூச்சும் ஒரே அளவில் வர வேண்டும். உங்கள் வண்டியில் 'புஸ்... ஸ்... ஸ்...' என்று வருகிறது. ஒரு முனையில் சீல் போச்சு.

உங்கள் முன்னால் மூன்று வழிகள்.

ஒன்று, ரோட்டரியைத் தூக்கி எறிந்துவிட்டு அமெரிக்க வி-8 இன்ஜினை வைப்பது. நிறையப் பேர் செய்கிறார்கள். பவர் உண்டு, தலைவலி குறைவு. இதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால், 'நான் அந்தக் காரை அதன் குறையோடு ஏற்றுக்கொண்டேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் ஏற்றுக்கொண்டது அதன் சட்டையை.

இரண்டு, துடைத்துப் பாலிஷ் போட்டு ஷெட்டில் பொக்கிஷமாகப் பூட்டி வைப்பது. இதுவும் ஏற்பு இல்லை, பயம். மேலும், ரோட்டரியை ஓட்டாமல் வைத்தால் சீல்கள் அதனதன் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும், ரப்பர் எல்லாம் விறைத்துப்போகும். உரசாமல் இருந்தாலும் கெட்டுப்போகிற ஜாதி அது. (சில உறவுகளும் அப்படித்தான். சண்டை வரக்கூடாது என்று பேசாமலே இருந்து இருந்து, ஒருநாள் பேசவே முடியாமல் போய்விடும்.)

மூன்றாவது வழி, பிரித்து மேய்வது. கையில் கிரீஸ் படும், தயாரா?

பிரித்தால் நம் ஊர் டிபன் கேரியர் மாதிரி அடுக்கடுக்காக வரும். இரும்புத் தட்டு, ரோட்டார் அறை, இரும்புத் தட்டு, ரோட்டார் அறை, இரும்புத் தட்டு. முழு நீளத்துக்கும் ஓடுகிற போல்ட்டுகள் இந்த அடுக்கை இறுக்கிப் பிடிக்கின்றன. ரோட்டாரில் கரி அப்பியிருக்கும், சுரண்ட வேண்டும். இரும்புத் தட்டில் தேய்மானத்தை அளக்க வேண்டும். ரோட்டார் அறையின் உள்சுவரில் குரோமியப் பூச்சு இருக்கும். அது உரிந்துபோயிருந்தால், சாதாரண இன்ஜினில் போல 'ரீபோர் பண்ணிக்கலாம்' என்று சுலபமாகச் சொல்ல முடியாது. பெரும்பாலும் வேறு அறைதான் வாங்க வேண்டும். பணம் எண்ணி வைக்க வேண்டிய இடம் இது. வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

புது சீல்கள், அதற்குக் கீழே குட்டி ஸ்பிரிங்குகள், மூலைக்கு ஒரு சீல், பக்கத்துக்கு ஒரு சீல். அடுக்கும்போது இவை நழுவி விழாமல் இருக்க மெக்கானிக்குகள் பயன்படுத்துவது என்ன தெரியுமா? வாஸலின்! நடுத்தண்டு முன்பின் அசைய விடுகிற இடைவெளி, ஒரு தலைமுடியின் பருமன். மாட்டி முடித்ததும் டிராக்குக்கு ஓடக்கூடாது. முதல் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஓட்ட வேண்டும்.

இந்த வேலையில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. இந்தக் காரில் இன்னொரு தொல்லை, டர்போக்களைக் கட்டுப்படுத்துகிற ரப்பர் ஹோஸ்கள். பின்னிப் பிணைந்து கிடப்பதால் 'எலிக்கூடு' என்றே கிண்டலாகப் பெயர். சூட்டில் அவை காய்ந்து வெடிக்கும். பிளாஸ்டிக்கில் ஒரு கூலன்ட் தொட்டி. வயதானால் விரிசல் விடும், இன்ஜின் கொதித்துச் சாகும். இதையெல்லாம் 'அந்தக் காரோட கேரக்டர்' என்று கொஞ்சிக்கொண்டிருக்கக்கூடாது. ஹோஸ்களை சிலிகானிலும் தொட்டியை அலுமினியத்திலும் மாற்ற வேண்டியதுதான். சீல் தேய்வது அதன் குணத்தோடு பிறந்த குறை. ஹோஸ் வெடிப்பது வெறும் கவனிப்பின்மை. முன்னதற்கு மரியாதை உண்டு, பின்னதற்கு ஸ்பேனர்தான்.

மனிதர்களிடமும் இதைப் பிரித்துப் பார்க்க நாம் கற்றுக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துச் செய்கிற அப்பா, அதனால்தான் வீடு கட்ட முடிந்தது, அதே கணக்கைப் பஸ் டிக்கெட்டிலும் பார்க்கிறார் என்றால், அது சீல். குணத்தின் பின்பக்கம். அவரே சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுப் போனால், அது ஹோஸ். 'அவர் அப்படித்தான்' என்று சொல்லாதீர்கள். 'அப்பா, தட்டை எடுத்துப் போடுங்க' என்று சொல்லலாம்.

அடிக்கிற கணவன்? அது சீலும் இல்லை, ஹோஸும் இல்லை. பெட்ரோல் ஒழுகுகிற வண்டி. அதில் உட்கார்ந்துகொண்டு குணம், குறை என்று தத்துவம் பேசக்கூடாது. முதலில் கதவைத் திறந்து வெளியே வர வேண்டும்.

சரி, இன்ஜின் தயார். இனி தினசரி வாழ்க்கை. இங்கேதான் என் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

ரோட்டரி இன்ஜின் எண்ணெய் குடிக்கும். ரிப்பேர் இல்லை, அதன் அமைப்பே அப்படி. சீல்களை நனைக்க ஒரு சின்ன பம்ப், சொட்டுச் சொட்டாக எண்ணெயை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். அது எரிந்து போகும். ஆகவே அடிக்கடி அளவு பார்த்து ஊற்ற வேண்டும். அது போதாது என்று பல சொந்தக்காரர்கள் பெட்ரோலிலேயே கொஞ்சம் எண்ணெய் கலக்கிறார்கள்.

சூடாகும் முன் விரட்டக்கூடாது. சூடான பிறகு, அவ்வப்போது நன்றாக விரட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கரி சேரும். 'வாசல்லேர்ந்து ரெண்டடி நகர்த்திட்டு ஆஃப் பண்ணிடறேன்' என்கிற வேலையே கூடாது. குளிர்ந்த இன்ஜினை அப்படி நிறுத்தினால், பெட்ரோல் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், அடுத்த தடவை ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கலாம்.

பார்த்தீர்களா? இங்கே 'அட்ஜஸ்ட்' என்ற வார்த்தைக்கே இடமில்லை. பல்லைக் கடிப்பது, பொறுப்பது, ஒருநாள் வெடிப்பது எதுவும் கிடையாது. குறை இது, அதற்கு என் பங்கு இவ்வளவு எண்ணெய் என்று தினமும் செய்ய ஒரு வேலை இருக்கிறது. பொறுத்துக்கொள்பவர் குறையைப் பார்க்காத மாதிரி இருக்கிறார். பராமரிப்பவர் தினமும் அதைத் திறந்து பார்க்கிறார். இரண்டாமவர்தான் ஏற்றுக்கொண்டவர்.

மாமியார் தனிமைக்குப் பயந்து எதிலும் மூக்கை நுழைக்கிறார் என்று தெரிந்தால், சகிப்பது ஒரு வழி. தினமும் பத்து நிமிடம், அவர் நுழைவதற்கு முன்னால் நாமே போய் உட்காருவது இன்னொரு வழி. முதலாவதில் கசப்பு சேரும். இரண்டாவதில் செலவு பத்து நிமிடம்.

'நான் மட்டும் ஏன் ஊற்றணும்?' என்று கேட்பீர்கள். நியாயம். பதில், ஊற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை. வி-8 வழியும் திறந்தே இருக்கிறது. ஊற்றப்போகிறோம் என்றால், தெரிந்து, மனசார ஊற்ற வேண்டும் என்பதுதான் விஷயம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பாடம் அரைகுறை. தெருவும் டிராக்கும் என்றேனே, அதிலிருந்துதான் வருகிறது. காற்று உள்ளே வருகிற வாசலை ராவிப் பெரிதாக்கினால் டிராக்கில் பவர் கூடும். அளவாகச் செய்தால் தெருவிலும் ஓட்டலாம். பேராசைப்பட்டு, பந்தய வண்டி மாதிரி அறைச் சுவரிலேயே வாசல் வைத்தால், சிக்னலில் வண்டி நிற்கவே தவிக்கும். பெட்ரோல் குடிக்கும், காது கிழியும், புகை விடும். டிராக்கில் அது சங்கீதம். தூங்குகிற குழந்தை இருக்கிற தெருவில் அது அராஜகம்.

அதாவது, ஒரு குறையை நேசிப்பது உங்கள் உரிமை. அதன் செலவைப் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் கட்டுவது உரிமை இல்லை. 'என் பையன் கொஞ்சம் துறுதுறு' என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, அவன் மற்ற பிள்ளைகளைக் கடிப்பதை வேடிக்கை பார்க்கிற பெற்றோரைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் ஊற்றுவது யார் என்று பார்த்தால், நேசிப்பது யார் என்று தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கு கம்பெனிக்கும் உண்டு. ரோட்டரி பெட்ரோலை அதிகம் குடித்தது, புகைக் கட்டுப்பாடுகளுக்கு ஈடு கொடுக்கத் திணறியது. கடைசி ரோட்டரி ஸ்போர்ட்ஸ் கார் ஆர்எக்ஸ்-8, 2012-ல் நின்றுபோனது. மாஸ்டா ஊரைத் திட்டவில்லை. 2023-ல் அதே ரோட்டரி வேறு வேலைக்குத் திரும்பி வந்தது, எம்எக்ஸ்-30 என்ற காரில் பேட்டரிக்கு மின்சாரம் தயாரிக்கிற ஒற்றை ரோட்டாராக. அதில் சீலின் தடிமனை 2 மில்லிமீட்டரிலிருந்து 2.5 மில்லிமீட்டர் ஆக்கியிருக்கிறார்கள். நகக்கீறலைப் பார்த்து அறுபது வருடம் ஆகிறது. இன்னும் அந்த முனையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கெனிச்சி யமமோட்டோ 2017-ல் காலமானார். இருந்திருந்தால், அந்த அரை மில்லிமீட்டருக்குப் புன்னகைத்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இன்று ராத்திரி ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். உங்களுக்கு நெருக்கமான ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்காக நீங்கள் 'அட்ஜஸ்ட்' செய்துகொண்டிருக்கிற அந்த ஒரு குறை. அது சீலா, ஹோஸா, பெட்ரோல் ஒழுகலா?

சீல்தான் என்றால், கடைசியாக எப்போது எண்ணெய் ஊற்றினீர்கள்?

அப்புறம், உங்களுக்கும் ஒரு சீல் இருக்குமே... அதற்கு யாரோ சத்தமில்லாமல் தினமும் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். அது யார் என்றும் யோசித்துவிட்டுத் தூங்குங்கள்.